தாரா கேட்டவனுக்கு வாளி கீறிக் கொடுத்தேன்

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் முதலில் உடுப்புக் காயப்போடும் கிளிப்புகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. பச்சை, சிவப்பு, நீலம் என்று சட்டைப் பை நிறையப் பிளாஸ்ரிக் கிளிப்புகள். இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் போர்கோ வெக்கியோவில் தேவாலயத்துக்குச் சொந்தமான ஒரு மண்டபம். நான் ஏணியின் உச்சியில் நின்று அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கயிற்றில் கொழுவிக்கொண்டிருந்தேன்.

கயிற்றில் தொங்கியது இரண்டு படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்த பெரிய சீலை. அதில் நான் வரைந்த படம். கீழே ஏணியைப் பிடித்தபடி நின்றவன் சூசை. மன்னார்க்காரன், ஒரு உணவு விடுதியில் கோப்பை கழுவுகிறவன், பலெர்மோவில் எனக்கு வாய்த்த ஒரே கூட்டாளி. அன்றைக்கு அவனுடைய மகளுக்கு முதலாவது பிறந்தநாள். மேடைக்குப் பின்னால் தொங்கவிட ஒரு படம் கீறித் தா என்று கேட்டிருந்தான்.

பக்கத்துத் தெருவில் யாரோ கத்தரிக்காய் பொரிக்கும் மணம் யன்னலால் வந்துகொண்டிருந்தது. சனம் வர இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. கடைசிக் கிளிப்பையும் கொழுவிவிட்டுச் சீலையை விரித்துவிட்டேன்.

சூசை ஏணியை விட்டுவிட்டு நாலு அடி பின்னால் போனான். ஏணி ஆடியது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"மச்சான், நான் தாரா எல்லே கேட்டனான்," என்றான்.

உண்மை. தாரா வாத்தும் முயலும்தான் கேட்டான். கனடாவிலிருந்து வரும் பிறந்தநாள் வீடியோக் கசற்றுகளில் பிள்ளைக்குப் பின்னால் கார்ட்டூன் தாரா நிற்கும், முயல் நிற்கும், பலூன் பறக்கும். அதுபோல ஒன்று. நான் வரைந்ததோ வேறு. இந்தப் படம் என் மனைவியை என்னிடம் வரவிடாமல் செய்துவிடும் என்று அதற்குப் பிறகு மூன்று கிழமை பயந்து திரிந்தேன். அந்தக் கதையைத்தான் இந்தக் கிழமை சொல்லப்போகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், எனக்கு நேராகச் சொல்லத் தெரியாது.

செத்தவீட்டு முகம்

யாழ்ப்பாணத்தில் நான் ஓவியம் படித்த காலத்தில் எனக்கும் என் சகபாடிகளுக்கும் அரூப ஓவியப் பைத்தியம் பிடித்திருந்தது. உருவம் கிடையாது. மனிதன், மரம், மாடு எதுவும் கிடையாது. நிறமும் கோடும் மட்டும். நான் இரண்டு வருடம் சதுரங்களாக வரைந்து தள்ளினேன். மண்ணிறச் சதுரம், அதற்குள் இன்னொரு மண்ணிறச் சதுரம். பார்க்க வருகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு, செத்தவீட்டுக்கு வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். நானும் அதே முகத்தோடு பக்கத்தில் நிற்பேன். எங்களுக்கு அது பெருமை.

பலெர்மோவுக்கு வந்து, சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு வயதான இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் முற்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள், வருடம் சரியாக நினைவில்லை. கூட்டுவது, துடைப்பது, இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு அழுத்துவது, கடைக்குப் போவது. அவவின் விறாந்தையில் ஒரு பெரிய அரூப ஓவியம் தொங்கியது. செத்துப்போன மச்சான்முறையான ஒருவர் வரைந்ததாம். சாம்பல் நிறத்தில் இரண்டு பெரிய திட்டு, நடுவில் ஒரு கறுப்புக் கீறல். கிழமைக்கு ஒருதரம் அதன் சட்டத்தைத் தூசு தட்டுவது என் வேலை. முதல் தடவை தூசு தட்டியபோது துணியைக் கீழே வைத்துவிட்டுப் பழைய பழக்கத்தில் செத்தவீட்டு முகத்தோடு கொஞ்ச நேரம் நின்றேன்.

உடுப்பு அழுத்தும் மேசை அதற்கு எதிரே இருந்தது. பக்கத்தில் தொலைக்காட்சி. சிஞ்ஞோராவுக்குப் பின்நேரங்களில் கார்ட்டூன் பார்க்கும் பழக்கம் இருந்தது. எழுபது வயது மனுசி பூனை சுவரில் மோதுவதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிப்பா. நான் ஒரு கண்ணால் சட்டையையும் மறு கண்ணால் பூனையையும் பார்த்துக்கொண்டு அழுத்துவேன். நிமிர்ந்தால் அந்தச் சாம்பல் ஓவியம். குனிந்தால் பூனை. இப்படி மாதக்கணக்காகப் பார்த்துப் பார்த்து என் தலைக்குள் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

ஒருநாள் தோடம்பழத் தோலில் ஒட்டியிருக்கும் வட்டக் கடதாசிச் சின்னங்கள் இரண்டை உரித்தெடுத்து, அந்த இரண்டு சாம்பல் திட்டுகளிலும் ஆளுக்கொன்றாக ஒட்டிவிட்டேன். கை தானாகப் போனது. இரண்டு கண். அவ்வளவுதான், அந்தத் துக்கம் பிடித்த ஓவியம் ஒரு பெரிய மாடாக மாறி என்னைப் பார்த்து முழித்தது.

மூன்றாம் நாள் சிஞ்ஞோரா கண்டுவிட்டா. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மனுசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப்போய்ப் பார்த்தா. பிறகு கதிரையில் இருந்து நெடுநேரம் சிரித்தா. சின்னங்களைக் கழற்ற நான் கையை நீட்டியபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டா. நாற்பது வருடமாக அந்தப் படம் தன்னை மிரட்டிக்கொண்டிருந்ததாம்.

மொப்பைப் பிடித்த கை

அன்றோடு என் சதுரங்கள் தொலைந்தன. மாடியில் உடுப்புக் காயப்போடும் இடத்தில் வேலை முடிந்ததும் படம் வரைய சிஞ்ஞோரா அனுமதி தந்தா. பழைய படுக்கை விரிப்புகளும் தந்தா. படிக்கட்டுக்குப் பெயின்ற் அடித்தவர்கள் விட்டுப்போன வாளிகள் அங்கேயே கிடந்தன. தூரிகைதான் இல்லை. பெரிய சீலைக்குப் பெரிய தூரிகை வேண்டும். மூலையில் மொப் நின்றது.

மொப்பால் தரை துடைக்கத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். முன்னால் போய்த் துடைக்கக் கூடாது, உன் கால்தடம் விழும். பின்னால் நடந்துகொண்டே, இடமும் வலமுமாக எட்டுப் போட்டு இழுக்க வேண்டும். ஒவ்வொரு காலையும் பளிங்குத் தரையில் நான் செய்வது அதுதான். அதையே விரிப்பில் செய்தேன், தண்ணீருக்குப் பதில் பச்சைப் பெயின்ற். என் சீவியத்தில் அப்படிச் சுதந்திரமான ஒரு கோடு வந்ததில்லை. முதல் நாள் பின்னால் நடந்த வேகத்தில் விரிப்பு முடிந்தது தெரியாமல் மாடிக் கதவுக்கும் சேர்த்து அடித்துவிட்டேன்.

பெயின்ற் காய்ந்ததும் மெல்லிய தூரிகையை எடுத்து அதற்கு மேலே கார்ட்டூன் வரைவேன். முட்டை முட்டையாகக் கண், உருளைக்கிழங்கு மூக்கு, நாலு விரல். பச்சை வீச்சு ஒன்று கடலாக ஓடும், அதில் ஒரு சப்பாத்து நீந்தும். யாழ்ப்பாணத்துச் சகபாடிகள் பார்த்திருந்தால் என்னோடு முகம் முறித்திருப்பார்கள். இரண்டு பக்கத்தாருக்கும் அது துரோகம்தான். அரூபக்காரருக்கு இது பகிடி, கார்ட்டூன்காரருக்கு இது கிறுக்கல். எனக்கு மட்டும் இரண்டும் தேவைப்பட்டது. வீடு, நாடு, சண்டை, இங்கத்தைய குவெஸ்தூராப் பொலிசில் விசாவுக்கு நிற்கும் வரிசை என்று மனதுக்குள் கிடந்ததெல்லாம் உருவமில்லாத பெரிய பச்சை வீச்சாகத்தான் இருந்தது. அதற்குள் நான் ஒரு சின்னப் பகிடிப் பொம்மையாக ஓடிக்கொண்டிருந்தேன். அதை அப்படியே வைத்தேன்.

சூசையின் சீலையிலும் அதைத்தான் செய்தேன். ரோசாவும் நீலமும் மொப்பால் இழுத்த பெரிய வீச்சுகள். அவற்றுக்கு மேலே நாங்கள். பெரிய மூக்கோடு, தோள்மூட்டு வரை மஞ்சள் கையுறை போட்டுக்கொண்டு, கால் முளைத்த ஒரு வாளியைத் துரத்தி ஓடுவது நான். முகில் வரை அடுக்கிய கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பது மீசைக்காரச் சூசை. கறுப்புக் கண்ணாடி போட்ட, தான் வேலை செய்யும் வீட்டு நாயைச் சுமந்து நடப்பது அவன் மனைவி மேரி. பல் முளைத்த ஒரு இஸ்திரிப்பெட்டி களுசான் காலைக் கடித்துக்கொண்டிருந்தது.

"தாரா இருக்கு, வடிவாப் பார். வாளிக்குள்ளை நிக்குது," என்றேன்.

வாளியின் விளிம்புக்கு மேலே ஒரு சொண்டு மட்டும் தெரிந்தது. சூசை அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பலூன் ஊதிக்கொண்டிருந்த மேரியும் வந்து பார்த்தா. நான் என்ன சொல்வாவோ என்று பயந்துகொண்டு நிற்க, தான் உண்மையிலேயே இவ்வளவு குண்டா என்றுதான் கேட்டா. கழற்றிவிடு என்று சூசை சொன்னான். கழற்றினால் பின்னால் சுவரில் பாசிதான் தெரியும். அதற்குள் முதல் குடும்பம் கேக் பெட்டியோடு வாசலில் வந்து நின்றது.

ரை கட்டிய பொய்

சூசைக்கு ஏன் முகம் செத்தது என்று விளங்க, எங்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

பலெர்மோவில் நாங்கள் யாரும் தரை துடைக்கவில்லை. அதாவது, ஊருக்குப் போன கடிதங்களில் துடைக்கவில்லை. யாரோ ஒருவரின் காரில் சாய்ந்துகொண்டு படம் எடுப்போம். சிஞ்ஞோராமார் வெளியூர் போன நேரம் பார்த்து அவர்களின் சோபாவில் கால்மேல் கால் போட்டு இருந்து எடுப்போம். ஊர்க் கடிதங்களில் சூசை ஹொட்டேல் மனேச்சர். மேரி ஒரு வயதான அம்மாவுக்குத் துணை. ஒருவரின் பொய்யை மற்றவர் காட்டிக்கொடுப்பதில்லை, சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த ஒப்பந்தம் அது.

என்னுடையது எல்லாவற்றையும் விடப் பெரிய பொய். கலியாணம் முடித்து நாலு மாதத்தில் புவனாவை விட்டுவிட்டு வந்தவன் நான். அவள் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தாள். சிஞ்ஞோராவுக்கு ஒருமுறை பூனை கீறச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பின்நேரம். உடனே புவனாவுக்கு எழுதினேன், இங்கே ஓவியம் படிப்பிக்கிறேன் என்று. அடுத்த கடிதத்தில் மாணவர்கள் வந்தார்கள். அதற்கடுத்ததில் பள்ளிக்கூடம் வந்தது. பிறகு ஆசிரியர் அறையும், அதில் கோப்பி குடிக்கும் மூன்று இத்தாலிய வாத்திமாரும். சிஞ்ஞோராவின் செத்துப்போன புருசனின் கழுத்து ரையைக் கட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடக் கேற்றுக்கு முன்னால் நின்று எடுத்த படத்தையும் அனுப்பினேன். வெட்கம் கெட்டவன்.

அவளை இங்கே கூப்பிட வேண்டிய பேப்பர்களை எல்லாம் செய்து அனுப்பிவிட்டேன். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி சரி, வீடு சரி, சீசாப் பகுதியில் ஒரு அறையும் சமையல் மூலையும். அவள் செய்ய வேண்டியது கொழும்பில் இருக்கும் இத்தாலியத் தூதரகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும்தான். ஐந்து மாதமாகக் கொடுக்கவில்லை. ஒருமுறை அம்மாவுக்குச் சுகமில்லை என்றாள். ஒருமுறை நாள் சரியில்லை என்றாள். பேப்பர் காலாவதியாக இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. அது கழிந்தால் திரும்ப முதலிலிருந்து. அவளுக்கு என்னிடம் வர விருப்பமில்லைப் போல என்று நினைத்து உள்ளுக்குள் உடைந்துபோயிருந்தேன். இந்த நிலையில்தான் சூசையின் சீலையை வரைந்தேன்.

கமராவுக்கு முன்னால்

சரி, மண்டபத்துக்குத் திரும்புவோம்.

பிள்ளைகள்தான் முதலில் படத்திடம் ஓடினார்கள். தமிழும் சிசிலி இத்தாலியனும் கலந்து கத்திக்கொண்டு, இது என் அப்பா, இது உன் அம்மா என்று விரலால் குத்தினார்கள். பெரியவர்கள் முதலில் தூர நின்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்தார்கள். ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் விடுதியொன்றில் வேலை செய்யும் ஒருவர் அந்தக் கோப்பைக் கோபுரத்தைப் பார்த்து, இது தன்னுடையது, சூசையினது அல்ல என்று சண்டைக்கு வந்தார். சிரிப்பு தொடங்கியது. அந்த மண்டபத்தில் நான் அதற்கு முதல் எத்தனையோ வைபவம் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை.

வீடியோக்காரர் லைற்றைப் போட்டுக்கொண்டு வந்தார். எனக்குள் இரண்டு கிளாஸ் வைன் போயிருந்தது. படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ என்றார். இத்தனை வருடத்தில் என் ஓவியத்தைப் பற்றிச் சொல்லச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்லை. மறந்துபோனேன். கமரா என்பதையும் மறந்தேன், கசற் என்பதையும் மறந்தேன்.

"இது நான்," என்று தொடங்கினேன். "காலமை எட்டு மணிக்கு இந்த வாளிக்குப் பின்னாலை ஓடத் தொடங்கினால் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் நிப்பன். இவர் சூசை. கோப்பை கழுவுறதிலை பலெர்மோவிலை இவருக்கு மேலை ஆளில்லை."

அதோடு நிறுத்தினேனா? மொப்பை எப்படிப் பிடிப்பது, எப்படிப் பின்னால் நடப்பது என்று மண்டபம் கூட்டும் தும்புத்தடியை எடுத்துச் செய்தும் காட்டினேன். சனம் கைதட்டியது. சூசை கேக்குக்குப் பக்கத்தில் கல்லாகி நின்றான்.

கசற் போன வழி

ஐந்தாம் நாள் சூசை என் அறைக்கு வந்தான். முகம் சரியில்லை. பிறந்தநாள் கசற்றின் ஒரு கொப்பியைக் கொழும்புக்குப் போன ஒருவரிடம் மேரி கொடுத்துவிட்டா. இவன் வேலையால் வரமுதலே ஆள் விமானம் ஏறிவிட்டார். போனது சூசையின் தங்கச்சிக்கு. தங்கச்சி இருப்பது வெள்ளவத்தையில். புவனா இருக்கும் அதே லொட்ஜில், அடுத்த அறை.

நான் கட்டிலில் இருந்துவிட்டேன். அந்த லொட்ஜில் ஒரு கசற் வந்தால் ஒருவர் பார்ப்பதில்லை, அந்த மாடித் தட்டுச் சனம் முழுதும் பாயோடு வந்து குந்திவிடும். புவனா எல்லோருக்கும் முன்னால் அதைப் பார்க்கப்போகிறாள். ஆசிரியரின் மனைவி என்று அவளுக்கு அங்கே ஒரு மரியாதை இருந்தது. தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்து காட்டியதை நினைக்க நினைக்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சூசை என்னை ஏசவே வந்திருந்தான். என் கோலத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுத் தந்தான். அவனுக்கும் பயம்தான், அவனும் மனேச்சர் பதவியை இழந்தவன்.

இரண்டு கிழமை ஒரு கடிதமும் வரவில்லை. நான் மாடிக்குப் போகவில்லை, மொப்பைத் தரைக்கு மட்டும்தான் தொட்டேன். சிஞ்ஞோரா ஏதோ விளங்கிக்கொண்டு கார்ட்டூனின் சத்தத்தைக் குறைத்து வைத்தா. பிறகு ஒரு திங்கட்கிழமை சூசை ஓடிவந்தான். தங்கச்சி அவனுக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறாள். வியாழக்கிழமை பின்நேரம், லொட்ஜுக்குக் கீழே இருக்கும் ரெலிபோன் கடைக்குப் புவனா வந்து நிற்பாளாம். என்னை அங்கே ரெலிபோன் எடுக்கட்டாம். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம்.

கண்ணாடிப் பெட்டிக்குள்

வியாழன் பின்நேரம் எங்கள் எல்லோருக்கும் லீவு. பொலித்தேயாமா நாடக அரங்குக்குக் கிட்ட இருந்த ரெலிபோன் கடை எங்கள் சனத்தால் நிரம்பியிருந்தது. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று இலக்கத்தைச் சுழற்றினேன். இரண்டுதரம் இலக்கம் பிழைத்தது.

"ஓம், நான்தான். கேக்குதோ?" என்றாள் புவனா.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். இரவுபகலாக மனப்பாடம் செய்து வைத்திருந்தது. அவள் விடவில்லை.

"பொறுங்கோ, நான் கதைச்சு முடிக்கிறன். அந்தப் பேப்பரை நான் ஏன் குடுக்கேல்லை எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

தெரியாது என்றேன்.

"பயத்திலை. வெள்ளைக்கார வாத்திமார் வீட்டை வருவினம், கோப்பி குடிப்பினம், அவையோடை நான் என்னத்தைக் கதைக்கிறது? எட்டாம் வகுப்போடை நிண்டவள் நான். அங்கை வந்து உங்கடை மானத்தை வாங்கிறதிலும் பார்க்க இஞ்சையே இருப்பம் எண்டு நினைச்சன்."

ஐந்து மாதமாக அவளை மறித்து வைத்திருந்தது நான் எழுதிய பள்ளிக்கூடம்தான். அந்த மூன்று வாத்திமாரையும் கோப்பி குடிக்க இருத்தியவன் நான்தான். அவளை என்னிடமிருந்து பிரிக்கும் என்று நான் பயந்த படத்துக்கு எந்தக் குற்றமும் இல்லை.

நான் தும்புத்தடியோடு நடக்கும் இடம் வந்ததும் சூசையின் தங்கச்சி கசற்றை ஓட்டிவிடப் பார்த்தாளாம். புவனா விடாமல் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாளாம். லொட்ஜில் எல்லோரும் சிரித்தார்களாம், சிரித்தவர்களின் பிள்ளைகளும் சுவிசிலும் பாரிசிலும் மனேச்சர்கள்தானாம். அதனால் சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லையாம்.

"வாளியும் தண்ணியும் எண்டால் எனக்கு என்ன பயம்?" என்றாள். "முந்தநாள் தூதரகத்துக்குப் போய்க் குடுத்திட்டன்."

நான் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதேன். வெளியே வரிசையில் நின்ற ஒரு அக்கா, யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்துப் பாவம் பார்த்தா. புவனா, நீர் வாரும், நீர் வந்தால் போதும் என்று ஏதேதோ உளறினேன்.

"வாறன். ஆனால் பொய் சொன்னதுக்கு ஏச்சு இருக்கு," என்றாள். "ரெலிபோனிலை ஏச மாட்டன். நேரிலை வந்து ஏசுறன்."

தை மாதமோ மாசியோ, மழை தூறிய ஒரு காலையில் அவள் வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் சிரித்தாள், என் கையைப் பிடித்தாள். பஸ் புறப்பட்டுக் கடலோரத்துக்கு வந்ததும் தொடங்கினாள். ரோடு நெடுக ஏசினாள். குரலைத் தாழ்த்தவே இல்லை, முன்னால் இருந்த சிசிலிக் கிழவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஆசிரியர் அறைக்கு ஒரு ஏச்சு, கோப்பிக்கு ஒரு ஏச்சு, ரைக்குத் தனியாக ஒன்று. தான் வீணாக அழுத ஐந்து மாதத்துக்கும் மாதம் மாதமாகப் பிரித்துப் பிரித்து ஏசினாள். நான் அவளுடைய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இறங்கவேண்டிய இடம் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகக் கூடாதா என்று நினைத்துக்கொண்டு இருந்தேன்.